வாய்ப் புற்றுநோய்: வைத்தியம் முடிந்த பிறகு என்ன?



புற்றுநோய் வந்தால் ஆள் அவ்வளவுதான் என்று நினைத்த காலம் உண்டு. இன்று அப்படியில்லை. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஆபரேஷன், கதிர் சிகிச்சை, மருந்து என்று வைத்தியம் செய்து பல பேர் பிழைத்து வருகிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் "எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று இருந்துவிடுகிறோம். அங்கேதான் பல சிரமங்கள் ஆரம்பிக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறேன்.

வாய்ப் புற்றுநோயை எடுத்துக் கொண்டதற்குக் காரணம் உண்டு. மலேசியாவில் மற்ற இனத்தவரைவிட நம் இந்தியர்களுக்கே இது அதிகமாக வருகிறது. தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்த வெற்றிலை பாக்குப் பழக்கம் இதற்கு முக்கிய காரணம். "நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதானே" என்று சிலர் சொல்வார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு கூட்டிய நிபுணர்கள் 2003-இல் ஆராய்ந்து, புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று முடிவு சொல்லிவிட்டார்கள்.

வாய் வறட்சி

கெடாத் தோட்டங்களிலிருந்து பினாங்குக்குப் போய், வாரம் 5 நாளாக ஆறு ஏழு வாரம் கதிர் சிகிச்சை எடுத்து வருகிறவர்கள் உண்டு. கதிர் நோயை அழிக்கும்போது பக்கத்தில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கெடுகின்றன. அதனால் வாய் எப்போதும் காய்ந்தே இருக்கும். சோறு தொண்டையில் இறங்காது, காரம் நெருப்பாய் எரியும், ருசியும் தெரியாது.

இதற்குக் கோபித்துக் கொள்ளாதீர்கள். "சமைச்சதைச் சாப்பிட மாட்டேங்கிறாங்க" என்று குறை சொல்வதைவிட, குழைந்த சோறு, ரசம், கஞ்சி, முட்டை, முள் நீக்கிய மீன் என்று மாற்றிக் கொடுங்கள். தண்ணீர்ப் போத்தல் எப்போதும் கையில் இருக்கட்டும். ஒரு கோப்பைத் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து அடிக்கடி வாய் கொப்பளிக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட வேண்டும். சாப்பிடும்போதெல்லாம் புரையேறி இருமினால் டாக்டரிடம் சொல்லுங்கள். உணவு நுரையீரலுக்குள் போனால் காய்ச்சல் வந்து ஆபத்தாகிவிடும்.

பல்லைப் பிடுங்காதீர்கள்

இதைக் கவனமாகப் படியுங்கள். உமிழ்நீர் குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும். வலி பொறுக்காமல் பக்கத்து டவுனில் ஏதோ ஒரு பல் கிளினிக்குக்கு ஓடிப் போய் பல்லைப் பிடுங்கிக் கொள்ளக் கூடாது. கதிர் பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைவு. பல் பிடுங்கிய புண் ஆறாமல் எலும்பே செத்துப் போகலாம். சிகிச்சை முடிந்து பல வருடம் ஆனாலும் இந்த ஆபத்து போவதில்லை. எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக, "எனக்குத் தாடையில் கதிர் சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். சிகிச்சைச் சீட்டையும் காட்டுங்கள். புளோரைடு கலந்த பற்பசையால் தினம் இரண்டு வேளை பல் துலக்குங்கள்.

வாய் திறக்கிறதா? கை தூக்க முடிகிறதா?

உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும்படி மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். சாதாரணமாக மூன்றும் போகும். இரண்டுதான் போகிறது என்றால் தாடை இறுகி வருகிறது என்று அர்த்தம். இதற்கு வாயை அகலத் திறக்கும் பயிற்சிகள் உண்டு. சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் ஆஸ்பத்திரியிலோ அலோர்ஸ்டார் சுல்தானா பஹியா ஆஸ்பத்திரியிலோ உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவில் கேட்டுப் பழகிக் கொள்ளுங்கள். ஒரு வாரம் செய்துவிட்டு விட்டுவிடக் கூடாது.

கழுத்தில் ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தோள் தொங்கிப் போய், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் இருக்கலாம். தோளுக்குப் போகும் நரம்பு கழுத்து வழியாகத்தான் போகிறது. செம்பனைக் குலை அறுக்கும் தோழரும், பால் வாளி தூக்கும் அம்மாவும் உடனே பழைய வேலைக்குத் திரும்ப முடியாது. வேறு இலகுவான வேலை தேவை என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி நிர்வாகத்திடம் கொடுங்கள்.

இன்னொன்று. கழுத்தில் கதிர் பட்டால் சில மாதமோ சில வருடமோ கழித்துத் தைராய்டு சுரப்பி மந்தமாகலாம். எப்போதும் அசதி, தூக்கம், உடம்பு ஊதிப் போவது, குளிர் தாங்காதது எல்லாம் அதன் அடையாளம். "சோம்பேறியாயிட்டா" என்று வீட்டில் பேசுவதற்கு முன், இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையால் சரி செய்யலாம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

புற்றுநோய் தொற்றுநோய் அல்ல. தட்டு, டம்ளர் தனியாக வைக்கத் தேவையில்லை. வெளியிலிருந்து மெஷின் மூலம் கொடுத்த கதிர் உடம்பில் தங்காது. பேரப் பிள்ளையைத் தாராளமாகப் பாட்டியின் மடியில் விடுங்கள். முகம் மாறிவிட்டது, பேச்சு குழறுகிறது என்று வெட்கப்பட்டுக் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போகாமல் மூலையில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். ஆனால் அங்கே வெற்றிலைத் தட்டை மட்டும் அவர்கள் முன் நீட்டாதீர்கள். பாக்கும் புகையும் மதுவும் மறுபடி ஆரம்பித்தால் வாயில் வேறொரு இடத்தில் புதிதாகப் புற்று வரலாம்.

பழைய நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் திரும்பும். ஆகவே "நல்லாத்தானே இருக்கேன்" என்று செக்கப் தேதியைத் தவற விடாதீர்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்துக் கட்டி, இவற்றில் எது தெரிந்தாலும் தேதி வரும் வரை காத்திருக்கக் கூடாது.

வேலையை எழுதிக் கொடுக்காதீர்கள்

உடம்பு முடியவில்லை என்று அவசரப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் பார்க்கச் சட்டப்படி வருடத்துக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 60 வயதுக்குள் இருப்பவர் இனி வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாது என்று மருத்துவக் குழு சொன்னால், சொக்சோவின் உடற்குறைவு பென்ஷன் கிடைக்க வழியிருக்கிறது. அது சராசரிச் சம்பளத்தில் பாதிக்குக் குறையாது. முழுப் பென்ஷனுக்கு, விண்ணப்பத்துக்கு முந்திய 40 மாதத்தில் 24 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையை விட்டு நாளைக் கடத்தினால் இந்தக் கணக்கு குறைந்துகொண்டே போகும். திரும்ப வேலைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு உதவும் திட்டமும் சொக்சோவில் 2007 முதல் இருக்கிறது. சிகிச்சைச் செலவுக்கு இ.பி.எப். பணத்திலிருந்து எடுக்கவும் விண்ணப்பம் செய்யலாம்.

பாரம் நிரப்பத் தெரியாது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தோட்டத்துச் சங்கத் தலைவரிடமோ ஆஸ்பத்திரி அசிஸ்டண்டிடமோ சீட்டுகளைக் கொண்டு வந்து காட்டுங்கள். டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அந்த உயிர் வலியில்லாமல், மரியாதையோடு, நாலு பேரோடு சேர்ந்து வாழ்வதற்கு இனி வீடும் தோட்டமும் சங்கமும்தான் துணை நிற்க வேண்டும்.