தரமணியில் பிளந்த காந்தம்

செய்யாறிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: 'மைக்ரோசாஃப்ட் மயோரானா என்று ஒரு சில்லு செய்திருக்கிறதாமே, புதுத் துகள் கண்டுபிடித்துவிட்டார்களா?'

துகள் அல்ல, துகள்போலி. கோடானுகோடி எலெக்ட்ரான்கள் கூடி ஆடும்போது அந்தக் கூட்டத்தின் அசைவே ஒரு தனித்துகள்போல் நடந்துகொள்ளும். தட்டையான பொருளுக்குள் சில துகள்போலிகளுக்கு விசித்திரமான ஞாபகசக்தி உண்டு. ஒன்றையொன்று எந்த வரிசையில் சுற்றிவந்தன என்பது அவற்றின் கூட்டு நிலையில் பதிந்துவிடும். எனியான் என்பது இவற்றின் பெயர். ஆரணிப் பட்டு நெய்யும் பக்கத்துக்காரருக்கு இதைச் சொல்வது சுலபம்: இரண்டு பாவிழைகள் முறுக்கிக்கொண்டால், தளர்த்தினாலும் ஆட்டினாலும் அந்த முறுக்கு போகாது, அறுத்தால்தான் போகும். குவாண்டம் கணினி தகவலை வைக்கும் அலகான க்யூபிட், துளி வெப்பத்துக்கே கெட்டுப்போகிற சங்கதி. தகவலை, எனியான்கள் சுற்றிவந்த வரிசையில் எழுதிவைத்தால் சில்லறை அதிர்வுகள் அதை அழிக்காது என்று 1997-இல் சொன்னவர் இயற்பியலாளர் அலெக்சி கிட்டயேவ்.

அவர் 2006-இல் வெளியிட்ட தேன்கூட்டு மாதிரிமேல் எனக்குத் தனிப் பிரியம். அறுகோண வலை, ஒவ்வொரு முனையிலும் எலெக்ட்ரானின் தற்சுழற்சியாகிய ஒரு குட்டிக் காந்தம். அதைச் சீண்டினால் என்ன ஆகும்? சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர் மூவரும் 2007-இல் இதைத் துல்லியமாகக் கணக்கிட்டார்கள். காந்தம் பிளந்துபோகிறது! அடுத்தடுத்த இரண்டு அறுகோணங்களில் ஆளுக்கொரு சுழி உட்கார்ந்துவிடுகிறது. அவை இடம்விட்டு நகர்வதில்லை. கூடப் பிறந்த மயோரானா என்ற துகள்போலி மட்டும் வலையெங்கும் ஓடித் திரிகிறது. பிளக்கவே முடியாது என்று நாம் படித்த ஒன்று, கூட்டத்துக்குள் இருப்பதாலேயே மூன்றாகிறது. காந்தப்புலம் சேர்த்தால் அந்தச் சுழிகளே குவாண்டம் கணினிக்கு வேண்டிய எனியான்களாகும் என்பது கிட்டயேவின் கணக்கு.

சில்லு பற்றி நான் படித்த தமிழ்ச் செய்தி எதிலும் தரமணி இல்லை. அமெரிக்க நிறுவனத்தின் அறிக்கையை அப்படியே பெயர்த்துப் போடும் வேகத்தில், பக்கத்துத் தெருவில் நடந்தது யாருக்குத் தெரியப்போகிறது? பாடப்புத்தகத்திலாவது ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாம்.

நிஜப் பொருளில் இந்தப் பிளவைக் கண்டார்களா என்பது இன்னும் சர்ச்சையாகவே இருக்கிறது. ருத்தேனியம் குளோரைடுப் படிகத்தில் பாய்ந்த வெப்பத்தில் மயோரானாவின் தடயம் இருப்பதாக 2018-இல் கியோட்டோ குழு அறிவித்தது. பிறகு அளந்தவர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மைக்ரோசாஃப்ட் போகும் பாதை வேறு: மீக்கடத்தி ஒட்டிய நுண்கம்பிகள். அந்தப் பாதையில் 2018-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு பெரிய கட்டுரை 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. 2025 பிப்ரவரியில் சில்லோடு வந்த கட்டுரைக்கும், மயோரானா இருப்பதற்கு இது சான்றல்ல என்று அதே இதழின் ஆசிரியர் குழு குறிப்பு வைத்திருக்கிறது. செய்யாறு வாசகருக்கு என் பதிலும் அதுதான்.