கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா?

விருப்ப ஓய்வுக் காகிதம் வந்த வீடுகளின் கணக்கு

விருப்ப ஓய்வு!

கேட்பதற்கு இனிமையான பெயர்தான். ஆனால் அந்தக் காகிதம் வந்த வீட்டில் அன்று இரவு யாருக்கும் தூக்கம் வராது.

"இவ்வளவு லட்சம் ரூபாய் தருகிறோம். விருப்பம் உள்ளவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். இன்ன தேதி கெடு."

கம்பெனி சொல்வது இவ்வளவுதான். மீதிக் கணக்கை வீட்டில் உட்கார்ந்துதான் போடவேண்டும். "லட்சக்கணக்கில் பணம் வருகிறதே, வாங்கிக்கொள்" என்பார் அப்பா. "மாதம் பிறந்தால் வரும் சம்பளத்துக்கு என்ன செய்வது?" என்பாள் மனைவி. வீட்டு வாடகை இருக்கிறது. பள்ளிக்கூடச் சம்பளம் இருக்கிறது. தங்கைக்குக் கலியாணம் நிச்சயம் ஆகியிருக்கும். கட்டி முடிக்காத சீட்டு ஒன்றும் இருக்கும்.

திருவள்ளூர் வட்டாரத்துக்கு இந்தக் கவலை புதிது அல்ல. வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கே இரும்பு உருக்கும் ஆலைகள். திருவள்ளூர் அருகே மோட்டார் தொழிற்சாலை. தெற்கே கொஞ்ச தூரம் போனால் ஸ்ரீபெரும்புதூர். ஏரி நீரை நம்பி நெல் பயிரிட்ட குடும்பங்களின் பிள்ளைகள், ஒரு தலைமுறைக்குள் சீருடை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறியவர்கள். வயல் வேலை தெரியாத முதல் தலைமுறை இது. வேலை போனால் திரும்பிப் போக நிலமும் இல்லை.

ஆலைகளின் கதை வேறு. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ம் ஆண்டில் 'லான்சர்' கார் செய்யத் தொடங்கியது. அந்தக் கார் போயிற்று. இன்று அதே இடத்தில் 'சிட்ரோயன்' கார் உருவாகிறது. கட்டிடத்துக்கு ஓய்வு கிடையாது. பெயர்ப் பலகைதான் மாறும்!

நோக்கியாவில் நடந்தது

தமிழ்நாடு கண்ட பெரிய விருப்ப ஓய்வு, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் நடந்தது.

2006-ம் ஆண்டில் அங்கே செல்போன் உற்பத்தி தொடங்கியது. 2011-க்குள் 50 கோடி செல்போன்கள் வெளியே போய்விட்டன. தொழிலாளர்களில் பெரும் பகுதி பெண்கள். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் சம்பளத்தில்தான் பல வீடுகளில் தம்பி படித்தான். கூரை வீடு மாடி வீடு ஆயிற்று.

2013-ல் இரண்டு இடிகள் விழுந்தன. முதலில், வருமான வரித்துறை சுமார் 2,000 கோடி ரூபாய் வரி கேட்டது. அடுத்து செப்டம்பரில், நோக்கியாவின் செல்போன் தொழிலை அமெரிக்க மைக்ரோசாப்ட் கம்பெனி வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. வரி வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2014 ஏப்ரல் 25-ந் தேதி மைக்ரோசாப்ட் தொழிலை எடுத்துக்கொண்டது. வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

தொழிலாளர்கள் கையில் விருப்ப ஓய்வுக் காகிதம் வந்தது அந்த நேரத்தில்தான்.

அப்போது வேலையில் இருந்தவர்கள் சுமார் 6,600 பேர். அவர்களில் 5,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். ஆயிரம் பேர் அளவில் மிஞ்சினார்கள். 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தியே நின்றுபோயிற்று. அதே வளாகத்தில் இயங்கிய பாக்ஸ்கான் ஆலையும் அந்த டிசம்பரில் நின்றது.

கையெழுத்துப் போட்டவர்களில் பலருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. ஓய்வு என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள்?

இன்னொரு விஷயமும் உண்டு. அதை அப்போது கவனித்தவர்கள் குறைவு. பி.எப். திட்டத்தில் மாதப் பென்ஷன் கிடைக்க 10 ஆண்டு சேவை வேண்டும். நோக்கியா ஆலை ஓடியதே ஒன்பது ஆண்டுக்குள்தான். ஆலை திறந்த நாளில் சேர்ந்தவருக்கும் அந்த 10 ஆண்டு நிரம்பவில்லை. பென்ஷன் பங்கைப் பணமாக எடுத்துவிட்டால் அந்தச் சேவை அதோடு சரி. அப்படி எடுக்காமல், திட்டச் சான்றிதழாக வாங்கி வைத்தால், அடுத்த கம்பெனியில் செய்யும் சேவையும் அதோடு சேரும். ஒரே ஒரு தாள்தான். அதற்காகப் பிற்காலத்தில் ஏங்குகிறவர்கள் உண்டு.

யாருடைய விருப்பம்?

ஆட்களைக் குறைக்க நினைக்கும் கம்பெனி, நேராக வேலையை விட்டு நீக்கிவிடலாமே? ஏன் "விருப்பம்" என்று கேட்கிறது?

காரணம் சட்டத்தில் இருக்கிறது. பெரிய ஆலை ஆட்குறைப்புச் செய்யவேண்டுமானால், அரசாங்கத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின்படி, 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகளுக்கு இந்த விதி இருந்தது. 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அந்த எண்ணிக்கை 300 ஆக உயர்ந்துவிட்டது.

தொழிலாளியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், அது ஆட்குறைப்பு ஆகாது. அனுமதி கேட்கும் தொல்லையும் இல்லை. கம்பெனி கூடுதலாகப் பணம் கொடுப்பது இதற்காகத்தான். தருமம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தொழிலாளி விட்டுக்கொடுப்பது என்ன? ஆட்குறைப்பில் போனவருக்குச் சட்டத்தில் ஓர் உரிமை உண்டு. அதே ஆலை மறுபடியும் ஆள் எடுத்தால் அவருக்கு முதல் இடம் தரவேண்டும். புதிய சட்டத்தில் இது ஓர் ஆண்டுக்குள் என்று சுருங்கிவிட்டது. விருப்ப ஓய்வில் போனவருக்கு அந்த உரிமை கிடையாது. "நான் விரும்பித்தான் போகிறேன்" என்று எழுதிக் கொடுத்தவர் ஆயிற்றே!

115-ம் 130-ம்

2021 செப்டம்பர் 9-ந் தேதி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக போர்டு கம்பெனி அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் சுமார் 2,600 தொழிலாளர்கள் இருந்தார்கள்.

நோக்கியாவில் ஆயிரக்கணக்கானவர்கள் சில வாரங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இங்கே ஓர் ஆண்டு பேச்சுவார்த்தை நடந்தது. நடுவில், 2022 மே மாதக் கடைசியில் வேலைநிறுத்தமும் நடந்தது. வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 115 நாள் சம்பளம் தருவதாகக் கம்பெனி சொன்னது. சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. செப்டம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. சராசரியாக ஆண்டுக்கு 130 நாள் சம்பளம்!

சட்டம் கட்டாயமாகக் கொடுக்கச் சொல்வது எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். பழைய சட்டத்திலும் 15. புதிய சட்டத்திலும் 15.

ஒரு கணக்கு

மாதம் 30,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 35. சேவை 12 ஆண்டு. நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஆண்டுக்கு 15 நாள் என்றால் 1,80,000 ரூபாய் கிடைக்கும். 130 நாள் என்றால் 15,60,000 ரூபாய். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

15 லட்சத்து 60 ஆயிரம் ரூபாயை ஒன்றாகப் பார்த்திராத வீட்டில், அது பெரிய புதையலாகத் தெரியும். ஆனால் அதைச் சம்பளமாக மாற்றிப் பாருங்கள். 30,000 வீதம் எடுத்தால் 52 மாதம் வரும். அதாவது நாலு ஆண்டு நாலு மாதம். அவர் 58 வயது வரை போக இன்னும் 23 ஆண்டு இருக்கிறது.

செலவழிக்காமல் பாங்கில் போட்டால்? நூற்றுக்கு 7 வட்டி என்று வைத்தாலும், மாதம் 9,100 ரூபாய்தான். பால், அரிசி, கரண்டு பில்லோடு சரி.

55 வயதானவருக்கு இதே தொகை வேறு விதமாகத் தெரியும். மூன்று ஆண்டுச் சம்பளத்துக்குமேல் ஒரே நேரத்தில் கைக்கு வருகிறது. கடன் இல்லை, பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள் என்றால் அவர் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். ஒரே காகிதம்தான். 35 வயதுக்காரருக்கும் 55 வயதுக்காரருக்கும் பதில் வேறு வேறு. பக்கத்து மிஷின்காரர் போட்டுவிட்டார் என்று பார்த்துப் போடும் விஷயம் அல்ல இது.

காகிதத்தில் காட்டும் மொத்தத் தொகையையும் பிரித்துப் பார்க்கவேண்டும். பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, தொழிலாளிக்குச் சட்டப்படி சேரவேண்டியது. பி.எப். அவருடைய சொந்தச் சேமிப்பு. பல ஆண்டு சேவை செய்தவருக்கு, ராஜினாமா செய்துவிட்டுப் போனாலும் இரண்டும் கிடைக்கும். அவற்றையும் கூட்டிச் சேர்த்து "இத்தனை லட்சம்" என்று காட்டினால், அவரது பணத்தையே அவருக்கு வெகுமதியாகக் காட்டுவதாகும்!

காகிதமே வராதவர்கள்

இவ்வளவும் நிரந்தரத் தொழிலாளிக்குத்தான். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உலை முன்னால் நிற்பவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரெயில் ஏறி வந்தவர்கள் அவர்களில் ஏராளம். அவர்களுக்கு யாரும் விருப்பத்தைக் கேட்பதில்லை. "நாளை முதல் வரவேண்டாம்" என்று கான்டிராக்டர் சொன்னால் முடிந்தது. வேலை இல்லாத அன்று வாசலில் நிற்கும் அவர்களைப் பார்த்தால், விருப்ப ஓய்வுக் காகிதம்கூட ஒரு பாக்கியமாகத் தோன்றும்.

ஆலைகள் திரும்பி வருகின்றன

கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் ஆந்திராவில் ஸ்ரீசிட்டி. ஸ்ரீபெரும்புதூரில் நின்றுபோன பாக்ஸ்கான், மறு ஆண்டே அங்கே செல்போன் செய்யத் தொடங்கியது. பிறகு ஸ்ரீபெரும்புதூரிலும் ஐபோன் செய்ய வந்தது. நோக்கியாவின் கட்டிடம் சால்காம்ப் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

போர்டும் திரும்புகிறது. 2025 அக்டோபர் மாதக் கடைசியில், தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் மறைமலைநகரில் என்ஜின் செய்யப்போகிறார்கள். 600 பேருக்கு மேல் வேலை கிடைக்கும் என்கிறார்கள். உற்பத்தி 2029-ல் தொடங்கும் என்பது திட்டம்.

2022-ல் 40 வயதில் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவருக்கு அப்போது 47 வயது ஆகியிருக்கும். வாசலில் புது ஆட்களுக்கு மனு வாங்கும்போது, அவரும் வரிசையில் நின்றுதான் கொடுக்கவேண்டும்.