பழைய டிராக்டரில் பவர் ஸ்டீயரிங் ஆயில்: எதை ஊற்றுவது, எப்படி மாற்றுவது?

பழைய டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் இன்ஜின் ஆயிலைக் கணக்குப் பார்த்து மாற்றிவிடுகின்றனர். பவர் ஸ்டீயரிங் ஆயிலோ, குறைந்தால் மட்டுமே நினைவுக்கு வருகிறது. அப்போதும் கையில் கிடைத்த ஆயிலை ஊற்றிச் சமாளிக்கிறார்கள். பம்ப்பும் சீல்களும் கெடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு சாலையில் போகும்போது ஸ்டீயரிங்கில் ஆயில் அழுத்தம் நின்றுபோனால், முழு பலத்தையும் கையால் கொடுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். வளைவில் அது உயிருக்கே ஆபத்து.

முதலில் எந்த வகை என்று பாருங்கள்

சில டிராக்டர்களில் ஸ்டீயரிங்குக்கென்று தனி ஆயில் டேங்க் இருக்கும். வேறு சிலவற்றில் கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் லிஃப்ட் ஆகியவற்றுக்கான ஆயிலே ஸ்டீயரிங்குக்கும் போகும். கீழே சொல்லும் மாற்றும் முறை தனி டேங்க் உள்ளவற்றுக்கு மட்டுமே பொருந்தும். பொது ஆயில் என்றால், கியர்பாக்ஸ் ஆயில் மாற்றும்போதுதான் இதுவும் மாறும். அத்துடன் ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிக்கு, அதற்கென உள்ள யு.டி.டி.ஓ. வகை ஆயில் தேவை. மாற்றி ஊற்றினால் பிரேக் சத்தம் போடும், பிடிப்பும் குறையும்.

ஆயில் தேர்வு

தனி டேங்குக்குச் சில கம்பெனிகள் ஏ.டி.எஃப். எனப்படும் ஆயிலையும், சில ஹைட்ராலிக் ஆயிலையும் சொல்கின்றன. வண்டியோடு வந்த கையேட்டையும் டேங்க் மூடியில் உள்ள எழுத்தையும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் மாடல், தயாரித்த ஆண்டு ஆகியவற்றைச் சொல்லி டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஏ.டி.எஃப். பெரும்பாலும் சிவப்பாக இருந்தாலும், சிவப்பான எல்லா ஆயிலும் ஒன்றல்ல.

பிரேக் ஆயிலை எந்த நிலையிலும் ஊற்றக்கூடாது. அது ஸ்டீயரிங்கில் உள்ள ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். தவறி ஊற்றிவிட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள். கசிவை நிறுத்தும் என்று விற்கும் மருந்துகளும் தற்காலிகமே. கெட்ட சீலை மாற்றுவதுதான் தீர்வு.

மாற்ற வேண்டிய அறிகுறிகள்

• ஆயில் கருத்து, தீய்ந்த வாடை வந்தால், சூடேறி வீரியம் போய்விட்டது.
• பால் போல வெளுத்திருந்தால், தண்ணீர் கலந்திருக்கிறது.
• நுரை வந்து, திருப்பும்போது பம்ப் முனகினால், காற்று புகுகிறது. ஆயில் அளவையும், டேங்கிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப்பையும் பாருங்கள்.
• முன்பு ஊற்றியது என்ன ஆயில் என்றே தெரியாவிட்டாலும் முழுவதும் மாற்றுவது நல்லது. புதிதாக வாங்கிய பழைய வண்டிக்கு இது அவசியம்.

மாற்றும் முறை

1. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தவும். ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது.
2. மூடியைத் திறக்கும் முன் டேங்கைச் சுற்றியுள்ள தூசியைத் துடைக்கவும். ஒரு சிட்டிகை மண் உள்ளே போனாலும் பம்ப்பில் கீறல் விழும்.
3. பழைய ஆயிலை முழுவதும் வடித்து, டேங்கின் அடியில் தங்கிய கசடைத் துடைக்கவும். ஃபில்டர் இருந்தால் புதிதாகப் போடவும்.
4. புதிய ஆயிலை அளவுக்கோடு வரை ஊற்றவும். ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்தபடி 5 விநாடி செல்ஃப் அடித்தால், இன்ஜின் ஓடாமலே பம்ப்புக்குள் ஆயில் ஏறும். குறைந்த அளவை மீண்டும் நிரப்பவும்.
5. இன்ஜினை மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை 10 முறை நிதானமாகத் திருப்பவும். கடைசியில் சில விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்கக்கூடாது. அங்கே அழுத்தம் உச்சத்துக்குப் போய் ஆயில் சூடேறும்.
6. இன்ஜினை நிறுத்தி, மீண்டும் வடித்து, புதிதாக ஊற்றவும். ஹோஸிலும் சிலிண்டரிலும் தங்கிய பழைய ஆயில் ஒரே முறையில் வெளியேறாது. வடியும் ஆயில் புதியதின் நிறத்தில் வரும்வரை இரண்டு, மூன்று முறை செய்யவும். அதனால் டேங்க் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு ஆயில் வாங்கி வைக்கவும்.
7. நுரை அடங்கிய பிறகு அளவைச் சரிபார்க்கவும்.

ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி, இன்ஜினை ஓடவிட்டு வெளியேற்றும் முறையும் உண்டு. டேங்க் ஒரு நிமிடம் காலியாக ஓடினாலும் பம்ப் தேய்ந்துவிடும் என்பதால், அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

இன்ஜின் ஓடும்போது கசிவைக் கையால் தடவிப் பார்க்கக்கூடாது. ஊசித்துளை வழியே பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்கவும். அப்படி ஆயில் உள்ளே போனால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

சேறடிப்புக்குப் பின்

காவிரி டெல்டாவில் வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்ததும் குறுவைக்குச் சேறடிப்பு தொடங்கிவிடும். அதற்கு முன்பே ஆயில் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். சேறடிப்பின்போது தினமும் மாலையில் ஸ்டீயரிங் சிலிண்டரின் பளபளப்பான தண்டைத் தண்ணீர்விட்டுக் கழுவித் துடையுங்கள். அதில் காய்ந்து ஒட்டிய சேறுதான் சீலை அறுக்கிறது.

வடித்த ஆயிலை வரப்பிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், மூடிய கேனில் சேர்த்து, கழிவு ஆயில் வாங்கும் உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள். எந்த ஆயில், எந்தத் தேதியில் மாற்றினோம் என்பதை டேங்க் அருகிலேயே பெயிண்டால் எழுதி வையுங்கள். அடுத்த முறை குறைந்தால், வண்டியை யார் ஓட்டினாலும் அதே ஆயிலை ஊற்றுவார்கள்.