இரத்தம் சுமக்கும் இயந்திரப் பறவை

மலைகளும் தேயிலைத் தோட்டங்களும் நிறைந்த ஆப்பிரிக்க நாடு ருவாண்டா. பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காத தாய்க்கு, மழையில் குழம்பிய மலைப்பாதையில் மணிக்கணக்காக இரத்தம் வந்துசேரும்வரை உயிர் தங்குமா? தோட்டத்துச் சாலையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2016 அக்டோபரில், அமெரிக்காவின் ஸிப்லைன் நிறுவனம் அங்கே முஹாங்காவில் ஒரு நிலையத்தைத் தொடங்கியது. மருத்துவமனையிலிருந்து கைப்பேசியில் தகவல் வந்ததும், கவணில் வைத்த கல்லைப்போல ஓர் ஆளில்லாக் குட்டி விமானத்தை விண்ணில் ஏவுகிறார்கள். வேகம் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். விரிந்த இறக்கையைக் காற்றே தாங்குவதால், விசிறிகளால் மட்டும் மிதக்கும் வகையைவிடக் குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் போகும். சுமை என்னவோ இரண்டு கிலோகூட இல்லை. இரத்தப் பைகளுக்கு அது போதாதா?

மருத்துவமனை வாசலில் காகிதப் பாராசூட்டில் பெட்டியை இறக்கிவிட்டு, தரையைத் தொடாமலே திரும்புகிறது. நிலையத்தில் குறுக்கே கட்டிய கம்பியில் வால் கொக்கி மாட்ட, தொங்கி நிற்கிறது, அடுத்த அழைப்புக்காக!