பூச்சிமருந்து டப்பாவில் ஒரு கணக்கு

தியாகதுருகம் வட்டாரத்தில் மக்காச்சோளத்தில் படைப்புழுவும் பருத்தியில் காய்ப்புழுவும் தலைகாட்டியதும் விவசாயிகள் மருந்துக் கடையை நாடுகிறார்கள். "எது உடனே கேட்கும்?" என்பதே முதல் கேள்வி. "தெளிக்கும் ஆளுக்கு எது வரை தாங்கும்?" என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்விக்கான விடை டப்பாவின் மேலேயே அச்சாகியுள்ளது.

சட்டம் வந்த வரலாறு

1958-ல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் விளைவாக 1968-ல் பூச்சிமருந்துச் சட்டம் நிறைவேறியது. மருந்துகளைப் பதிவுக் குழு ஆராய்ந்து ஒப்புக்கொண்ட பின்னரே விற்கலாம் என்ற முறை வந்தது.

கணக்கிடும் முறை

குழு இரண்டைப் பார்க்கிறது. ஒன்று, மருந்தின் நச்சுத்தன்மை. மற்றொன்று, அது தெளிப்பவர் உடலிலும் உண்பவர் வயிற்றிலும் எவ்வளவு சேரும் என்பது. இரண்டும் சேர்ந்ததே ஆபத்தின் அளவு. சோதனை விலங்குகளுக்கு எத்தீங்கும் தராத அளவைக் கண்டு, வழக்கமாக அதை நூறால் வகுத்து, மனிதர் நாள்தோறும் உட்கொண்டாலும் தீங்கில்லாத அளவைக் குறிக்கிறார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து என்பதே அந்த நூறு. கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாட்களும் பயிரில் தங்கும் நஞ்சை அளந்தே முடிவாகின்றன.

டப்பாவில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறம் நச்சுத்தன்மையைக் காட்டும். சிவப்பு மிகக் கடுமையானது. ஒரு கிலோ உடல் எடைக்கு 50 மில்லிகிராமோ அதற்கும் குறைவோ உள்ளே போனால் சோதனை விலங்குகளில் பாதி இறந்துவிடும். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும்.

கணக்கு தவறுவது எங்கே?

சொன்ன பயிருக்கு, சொன்ன அளவில், கையுறையும் முகமூடியும் அணிந்து தெளிப்பார்கள் என்று நம்பிப் போட்ட கணக்கு இது. வயலிலோ லுங்கியும் தலையில் துண்டுமாகத் தெளிக்கிறார்கள். இரண்டு மூன்று மருந்துகளை ஒரே டேங்கில் கலக்கிறார்கள். தலைக்கு மேல் வளர்ந்த மக்காச்சோளத்தில் தெளிப்பு முகத்திலேயே படுகிறது. 2017-ல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மாலில், உயர்ந்து வளர்ந்த பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இதற்கு விவசாயியை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. சித்திரை வெயிலில் அணிய முடியாத உடையை நம்பிய கணக்கு வயலில் நிற்காது. ஆகவேதான் பழைய மருந்துகளை மறு ஆய்வு செய்ய வேண்டியுள்ளது. பிற நாடுகள் தடைசெய்த 66 மருந்துகளை ஆராய 2013-ல் ஒரு குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 2018-ல் 18 மருந்துகளுக்குத் தடை ஆணை வந்தது. மோனோகுரோட்டோபாஸ் 2005-ல் காய்கறிகளுக்கு விலக்கப்பட்டது; அதன் 36 சதக் கரைசலுக்கு 2023-ல்தான் முழுத்தடை வந்தது.

கவனிக்க வேண்டியவை

* டப்பாவில் குறித்த பயிருக்கு, குறித்த அளவில் மட்டும் தெளிக்கவும். ரசீது கேட்டு வாங்கி வைக்கவும்.
* பரிந்துரை இல்லாத கலவைகளைத் தவிர்க்கவும்.
* காலை அல்லது மாலையில், காற்று வீசும் திசையிலேயே நடந்து தெளிக்கவும்.
* தலைச்சுற்றல், வாந்தி, எச்சில் ஒழுகுதல், பார்வை மங்கல் கண்டால் உடனே நிறுத்தி, உடையைக் களைந்து சோப்பால் கழுவி, டப்பாவுடன் மருத்துவமனைக்குச் செல்லவும். மாற்று மருந்தின் பெயர் அதில் இருக்கும்.
* பாதிப்பை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

கடைசியாகச் சொன்னதைப் பலரும் செய்வதில்லை. மயங்கி விழுந்தவரை வீட்டில் படுக்கவைத்து மோர் கொடுத்து, இரண்டு நாளில் மறந்துவிடுகிறார்கள். ஏட்டில் ஏறாத அந்த மயக்கம், அடுத்த மறு ஆய்வின் கணக்கிலும் ஏறாது.