எலும்புச் சீழா, எலும்புக் கட்டியா?

பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தொடை வீங்குகிறது, காய்ச்சல் காண்கிறது, குருதியில் வெள்ளணுக்களும் மிகுந்துள்ளன. எலும்பில் சீழ் பிடித்துள்ளது என்று கருதுவது இயல்பே. பெரும்பாலும் அதுவே உண்மையுமாகும். ஆயினும், இதே குறிகளுடன் தோன்றும் அரிய புற்றுநோய் ஒன்று உண்டு. கீறிய இடத்தில் வெளிப்படும் குழம்புகூடச் சீழாக இராமல், அழிந்து கரைந்த கட்டியின் பகுதியாக இருக்கக்கூடும். ஆகவே, கிருமிச் சோதனைக்கு அனுப்பும்போதே ஒரு துண்டைத் திசுச் சோதனைக்கும் அனுப்புவது மருத்துவர்தம் வழக்கம்.

இந்நோயை 1921-ஆம் ஆண்டில் தனியாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் யூயிங் என்பவராவார். மற்ற எலும்புப் புற்றைப் போலன்றி, இது ரேடியக் கதிர்களால் எளிதில் சுருங்குவதை அவர் கண்டார். இரத்தக் குழாய்களின் உட்படலத்திலிருந்து இது தோன்றுவதாக அவர் கொண்ட கருத்து மட்டும் நிலைக்கவில்லை.

எக்ஸ்-ரே படத்தில் எலும்பின்மேல் வெங்காயத் தோல் போன்ற அடுக்குகள் தென்படுவதுண்டு. ஆனால் சீழ் நோயிலும் அவ்வாறு தோன்றலாம். நுண்பெருக்கியில் சிறிய, உருண்டையான உயிரணுக்கள் நெருங்கிக் கிடக்கும். குழந்தைகட்கு வரும் வேறு சில புற்றுகளும் அங்ஙனமே காண்பதால், கண்தேர்ந்த நிபுணரும் ஐயுறுவர். 1983-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இவ்வணுக்களில் 11-ஆம், 22-ஆம் நிறக்கோல்கள் தம் பகுதிகளை மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டனர். நூற்றுக்கு 85 நோயாளிகளிடம் இம்மாற்றம் உண்டு. இன்று ஐயத்தைத் தீர்ப்பது பெரும்பாலும் இதுவே.

துண்டெடுக்கும் வேலை சிறிதாகத் தோன்றினும் எளிதன்று. ஊசி சென்ற வழியில் நோயணுக்கள் தங்கக்கூடுமாதலின், பின்னர் அவ்வழியையும் கட்டியோடு சேர்த்து அகற்ற நேரும். தவறான இடத்தில் இட்ட கீறலால் காலையே இழக்கவும் கூடும். எனவே, படங்கள் எடுத்து முடித்த பின்னர், இறுதி அறுவையைச் செய்யவிருக்கும் மருத்துவமனையிலேயே துண்டெடுப்பது முறை.

கிராமங்களில் காலம் வீணாவது பெரும்பாலும் இதற்கு முன்னரேயாம். விளையாட்டில் விழுந்ததே காரணம் என்று வீட்டார் கருதி, எண்ணெய் தேய்த்துக் கட்டுப்போடுகின்றனர். வீழ்ச்சி கட்டியை உண்டாக்குவதில்லை. முன்பே இருந்ததைக் கவனிக்கச் செய்கிறது, அவ்வளவே. இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி, சில வாரங்களில் தணியாத வீக்கம், தசையின் ஆழத்தில் 5 செ.மீ.க்கு மேற்பட்டு வளரும் கட்டி (அது வலிக்காவிடினும்) ஆகியவற்றை ஆசிரியரோ சுகாதாரப் பணியாளரோ கண்டால், பிள்ளையை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். முன்னர் எடுத்த எக்ஸ்-ரே படங்களையும் உடன் கொடுத்தனுப்புக. இரு படங்களை ஒப்பிட்டே நோயின் வேகத்தை மருத்துவர் மதிப்பிடுவார்.