எரிபொருள் குழாயில் கசிவா? குறைந்த செலவில் சரிசெய்யும் வழி

2025 நவம்பரில் வீசிய டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்தில் ஏற்பட்ட மண்சரிவுகளாலும் வெள்ளத்தாலும் பல விவசாயக் குடும்பங்கள் வீட்டையும் காணியையும் விட்டு வெளியேற நேர்ந்தது. அப்படி இடம்பெயர்ந்த குடும்பத்திடம் ஒரு முச்சக்கர வண்டியோ, மோட்டார் சைக்கிளோ, பட்டா லொறியோ எஞ்சியிருந்தால் அதுவே பெரிய சொத்து. தூரத்திலுள்ள தோட்டத்துக்குப் போகவும், மரக்கறியை மஹய்யாவ, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் கொண்டுவந்து விற்கவும் அது வேண்டும். ஆகவே அதன் எரிபொருள் குழாயைக் கவனிப்பது பற்றி இங்கு பார்ப்போம்.

சிறு கசிவு, பெரிய நட்டம்

செக்கனுக்கு ஒரு துளி வீதம் கசிந்தால் நட்டம் எவ்வளவு? சுமார் 20 துளி ஒரு மில்லிலீற்றர். அப்படியானால் ஒரு மணித்தியாலத்தில் 180 மில்லிலீற்றர். ஒரு நாளில் நான்கு லீற்றருக்கு மேல். சூடான சைலன்சரிலோ மின்பொறியிலோ பெற்றோல் பட்டால் வண்டியே எரிந்துபோகும். புதுக்குழாயின் விலை இந்த நட்டத்துக்குமுன் மிகச் சிறியது.

எப்படி அறிவது?

வண்டியைச் சுற்றி பெற்றோல் மணம், நிறுத்திய இடத்தில் ஈரம், மேட்டில் ஏறும்போது இஞ்சின் நின்றுபோதல் ஆகியவை அடையாளங்கள். றப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலும், கல்லைப்போல் இறுகியிருந்தாலும், ஊதிப் பிசுபிசுத்தாலும் அது மாற்றவேண்டிய குழாய். எலி கடித்த இடம், இரும்பில் உரசிய இடம், துருப்பிடித்த இரும்புக் குழாய் ஆகியவற்றையும் பாருங்கள்.

வேலை செய்யும் முறை

1. இஞ்சின் நன்றாக ஆறட்டும். வெளியில், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். பீடி, விளக்கு, அடுப்பு எதுவும் அருகில் கூடாது. பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். ஒரு வாளி உலர்ந்த மணலை அருகில் வையுங்கள். பெற்றோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

2. தாங்கியின் பூட்டை மூடுங்கள். பெற்றோலை வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டாம். அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

3. குழாயின் நுனி மட்டும் வெடித்து, நீளம் மிச்சமிருந்தால் நுனியை வெட்டி மீண்டும் மாட்டலாம். இதற்குச் செலவே இல்லை. குழாய் இழுபடக் கூடாது.

4. முழுவதும் பழுதென்றால் பழைய துண்டைக் கடைக்குக் கொண்டுபோய், அதே உள்விட்டமுள்ள எரிபொருள் குழாயை வேண்டிய நீளத்துக்கு மட்டும் வெட்டி வாங்குங்கள். இரண்டு புதிய கிளிப்பும் வாங்குங்கள்.

5. தாங்கியிலிருந்து வரும் இரும்புக் குழாய் ஓரிடத்தில் மட்டும் துருப்பிடித்திருந்தால், அதைக் கழற்றி, அந்தத் துண்டை வெட்டியெடுத்து, இடையில் றப்பர் குழாய் வைத்து இணைக்கலாம். இரும்பின் நுனிகளைக் கராஜில் விளிம்பு மடித்துத் தரச்சொல்லுங்கள். அப்போதுதான் குழாய் வழுக்காது. வண்டியில் வைத்தே வெல்டிங் செய்ய இடங்கொடாதீர்கள்.

6. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியென்றால் தாங்கியை வடித்துக் கழுவி, வடிகட்டியையும் மாற்றுங்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள்

தோட்டத்துத் தண்ணீர்க் குழாயும் சேலைன் குழாயும் எரிபொருளுக்கு ஏற்றவையல்ல. விரைவில் இறுகிவிடும் அல்லது இளகிவிடும். கம்பி சுற்றிக் கட்டினால் றப்பர் வெட்டுப்படும். சவர்க்காரம் பூசியோ ரேப் சுற்றியோ ஓடுவது நிரந்தரப் பழுதுபார்ப்பு ஆகாது.

கார்பரேற்றர் உள்ள வண்டிகளில் எரிபொருள் மெதுவாகவே வரும். மேலே சொன்ன வேலைகள் அவற்றுக்குப் போதும். பெற்றோல் இன்ஜெக்சன் வண்டிகளின் குழாயில் அழுத்தம் மிக அதிகம். அவற்றுக்கென விற்கப்படும் குழாயும் கிளிப்பும் மட்டுமே பொருந்தும். டீசல் பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயை ஒட்டவோ இணைக்கவோ கூடாது, புதிதாக மாற்றவே வேண்டும். அதன் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவும் வேண்டாம். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். அந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

முடிவில்

மாட்டியபின் பூட்டைத் திறந்து, இணைப்புகள் காய்ந்திருப்பதைக் கண்டபிறகே பற்றரியை இணையுங்கள். டீசல் வண்டியென்றால் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுங்கள். பின் ஐந்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு, டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். மறுநாள் காலையில் இன்னொருமுறை பாருங்கள். அதன்பின் மாதம் ஒருதடவை பார்த்துவந்தால், பாதிவழியில் மரக்கறியோடு நிற்கும் நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.